பதினான்கு கிலோ

ஜனவரி 18

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனமில்லை. மூன்று தடவை போன் செய்தேன். முதல் தடவை, "கம்ப்ரஸர் ஓடுது, ஒண்ணும் கேக்கல" என்றாய். இரண்டாவது தடவை கம்ப்ரஸர் ஓடவில்லை; ஆனாலும் உனக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை உன் மனைவி எடுத்து, "குளிக்கிறார் அண்ணி" என்றாள். பின்னாலிருந்து, "நான் இல்லைன்னு சொல்லு" என்று நீ சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன். போனைப் பாதியில் வைக்கலாம். காகிதத்தை வைத்தால் அது மேஜை மேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மனைவி புதுத் திரைச்சீலை வாங்கியிருப்பதாகச் சொல்லி ஒரு படம் அனுப்பினாள். திரைச்சீலை நன்றாக இருக்கிறது. அது பாதி விலகியிருக்கிற ஜன்னல் வழியாக உன் பட்டறை தெரிகிறது. பட்டறைக்குள் ஒரு கார் மரக்கட்டைகள் மேல் நிற்கிறது. சக்கரம் இல்லை, கதவு இல்லை, உள்ளே ஒன்றுமே இல்லை. யாரோ விபத்தில் கொண்டுவந்து போட்ட வண்டி என்றுதான் முதலில் நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். பின்விளக்கை வைத்துத்தான் அது என் கார் என்று தெரிந்தது.

இரண்டு வருட வேலைக்காக நான் இந்த நாட்டுக்குக் கிளம்பியபோது சாவியை உன் கையில் கொடுத்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்: "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி, தெருமுனை வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வந்து நிறுத்து." "இதைக்கூடச் செய்யமாட்டேனா அக்கா" என்றாய். இப்போது தெருமுனை வரை போக அதற்குக் கால் இல்லை.

நான் சத்தம் போடுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதைச் சிறுவயதிலிருந்து உனக்குச் சாதகமாகவே பயன்படுத்தி வந்திருக்கிறாய். சத்தம் போடவில்லை. கேட்கிறேன். இருக்கைகள் எங்கே? கதவுகள் எங்கே? யாரைக் கேட்டுக் கைவைத்தாய்? எல்லாவற்றையும் திருப்பி மாட்டிப் பழையபடி நிறுத்த எத்தனை நாள் ஆகும்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வந்தால் போதும்.

அக்கா

*

ஜனவரி 30

அக்கா,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் கொடுக்கும்போதே என் முகத்தைப் பார்த்து, "வக்கீல் நோட்டீஸா சார்?" என்றார். "அதைவிட மோசம். அக்கா" என்றேன். "அப்ப நான் வரலை" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதலில் கடைசிக் கேள்வி. திருப்பி மாட்ட முடியாது. இருக்கைகளை விற்றுவிட்டேன். வாங்கியவர் ஒரு பல் டாக்டர். நோயாளிகள் காத்திருக்கிற அறையில் போட்டிருக்கிறார். நல்ல இருக்கை, அதில் உட்கார்ந்தால் பல்வலி பாதி குறைகிறது என்று சொல்கிறார்களாம். கோபப்படாதே, அவர் சொன்னதைச் சொல்கிறேன்.

நீ சொன்னபடி இரண்டு மாதம் ஸ்டார்ட் பண்ணினேன், தெருமுனை போனேன், வந்தேன், நிறுத்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் திரும்பவில்லை. நேராகப் போனேன். குன்றைச் சுற்றிப் போகிற பழைய சாலை இருக்கிறதே, அங்கே முதல் வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன். அக்கா, அந்த வண்டி சிரித்தது. நான் இருபது வருடமாக மற்றவர்களின் பம்பரைத் தட்டி நிமிர்த்துகிறவன். எத்தனையோ வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நீ அதை எப்படி ஓட்டினாய் என்று எனக்குத் தெரியாதா? பல்கலைக்கழகம், கறிகாய்க் கடை, வீடு. நீ முன்னால் போனால் பின்னால் சைக்கிள்காரன் மணி அடிப்பான். அதைக் காராகவா வைத்திருந்தாய்? குடை மாதிரி வைத்திருந்தாய். மழை வந்தால் எடுப்பது, இல்லாவிட்டால் மூலையில் சாத்துவது.

கடையில் விற்கிற ஸ்போர்ட்ஸ் கார் வேகத்துக்காகச் செய்ததுதான். ஆனால் வாங்குகிறவர் முகம் சுளிக்கக் கூடாதே என்று பயந்து பயந்து செய்தது. அதற்காக எத்தனை பாரம் ஏற்றியிருக்கிறார்கள் தெரியுமா? கம்பளத்தை உரித்தால் அடியில் தார் அட்டை. சத்தம் உள்ளே வராமலிருக்கத் தரை முழுக்க ஒட்டியிருக்கிறார்கள். அதைச் சூடாக்கிச் சூடாக்கி நான் ஒரு பக்கம், பொறி என்று நாங்கள் கூப்பிடுகிற என் வெல்டர் பையன் ஒரு பக்கம், பாத்திரம் சுரண்டுகிற மாதிரி சுரண்டி எடுத்தோம். ஏசி போச்சு. ரேடியோ போச்சு. கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டார் போச்சு. கதவுக் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக். முன் மூடி இனி ஃபைபர். ஒரு கையால் தூக்கலாம். கழற்றிய ஒவ்வொன்றையும் வெங்காய மண்டித் தராசில் வைத்து நிறுத்தேன். பொறி பக்கத்தில் நின்று, "அண்ணே, இவ்ளோ சதையை வச்சுக்கிட்டா இது ஓடிட்டிருந்துச்சு?" என்கிறான்.

ஏப்ரலில் பந்தயம். வண்டி உன் பெயரில் இருப்பதால் உரிமையாளர் சம்மதம் கேட்கிறார்கள். தாளை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. திட்டுவதைத் தனியாக வேறு காகிதத்தில் எழுது.

தம்பி

*

பிப்ரவரி 10

தம்பி,

சம்மதத் தாளை வீணாக்கவில்லை. இந்தக் கடிதத்தை அதன் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். திருப்பிப் பார்.

குடை என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எழுத வருகிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. சரி, குடை. மழைக்கு எடுக்கிறேன், மூலையில் சாத்துகிறேன். குடையைப் பார்த்துக்கொள் என்று ஒருவரிடம் கொடுத்தால் அவர் துணியைக் கிழித்து, பிடியைப் பல் டாக்டருக்கு விற்று, கம்பியை மட்டும் வைத்துக்கொண்டு "இப்போதுதான் லேசாக இருக்கிறது" என்று சொல்லலாமா?

அந்தக் காரை நான் ஏன் வாங்கினேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. உன் அத்தான் போய் ஒரு வருடம் கழிந்திருந்தது. ஆளாளுக்கு எனக்கு ஒரு யோசனை சொன்னார்கள். வீட்டை விற்றுவிட்டுத் தம்பி பக்கத்தில் போய்விடு என்றார்கள், யாரையாவது கூட வைத்துக்கொள் என்றார்கள், பூனை வளர் என்றார்கள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் போய், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, எனக்குச் சற்றும் பொருந்தாத ஒரு சிவப்புக் காரை வாங்கிக்கொண்டு வந்தேன். விற்றவர் கடைசிவரை, "உங்க பையனுக்கா மேடம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் ஒருவரையும் கேட்காமல் நான் செய்த காரியம் அது ஒன்றுதான். மெதுவாக ஓட்டினேன். அது என் இஷ்டம். வேகமாகப் போகக்கூடிய ஒன்றை மெதுவாக ஓட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அது உனக்குப் புரியாது. நானும் விளக்கப் போவதில்லை.

இங்கே நான் நாலாவது மாடியில் இருக்கிறேன். என் ஜன்னலுக்குக் கீழே கார்கள் வரிசையாக நிற்கின்றன. தினமும் காலையில் கெட்டில் கொதிக்கும் வரை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஒன்றுகூட என்னுடையதைப் போல இல்லை என்று நினைத்துக்கொள்வேன். இப்போது என்னுடையதும் என்னுடையதைப் போல இல்லை.

கையெழுத்து கிடையாது.

ஆனால் உன்னை எனக்குத் தெரியும். கையெழுத்து இல்லை என்றால் நீ நின்றுவிடுகிறவன் இல்லை. அதனால் ஒன்று கேட்கிறேன். கார் கவிழ்ந்தால் கூரை தலையில் இறங்காமல் தாங்குவதற்கு உள்ளே ஓர் இரும்புக் குழாய்க் கூடு வேண்டும். உன் கடிதத்தில் ரேடியோவுக்கு ஒரு வரி இருக்கிறது, தார் அட்டைக்கு மூன்று வரி இருக்கிறது. கூடு பற்றி ஒன்றும் இல்லை. எந்தக் குழாய், எத்தனை மீட்டர், சுவர் எவ்வளவு கனம்?

அக்கா

*

பிப்ரவரி 21

பேராசிரியை அவர்களுக்கு,

திருப்பிப் பார்த்தேன். நல்ல வேளை, அமைப்பாளர்கள் வெற்றுத் தாள் நிறைய வைத்திருக்கிறார்கள்.

பூனை விஷயத்தில் எனக்குச் சம்பந்தமில்லை. அது சின்ன அத்தை சொன்னது. மற்றபடி நீ எழுதியதை என் மனைவி இரண்டு தடவை படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "அண்ணி கிட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றாள். கேட்கிறேன், பந்தயம் முடியட்டும். கோப்பையோடு கேட்டால் அழகாக இருக்கும்.

கூடு பற்றிக் கேட்டாயே, அதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்பது மில்லிமீட்டர் குழாய். சுவர் இரண்டரை மில்லி, விதியில் இருப்பது போலவே. ஓட்டுநருக்குப் பின்னால் பெரிய வளையம், அதிலிருந்து பின்பக்கம் இரண்டு தாங்கு, மேலே கூரை ஓரமாக இரண்டு, குறுக்கே ஒன்று, முன் கண்ணாடி ஓரமாக இறங்கித் தரைக்கு. மொத்தம் இருபத்து நாலு மீட்டர். பொறி படுத்துக்கொண்டும் தொங்கிக்கொண்டும் ஒட்டினான். அவன் முடியில் பாதி கருகிவிட்டது; "கட்டிங் செலவு மிச்சம்ணே" என்கிறான். அவ்வளவு குழாயும் சேர்த்து எத்தனை கிலோ தெரியுமா? நாற்பத்தொன்று! இந்த ஊரில் வேறு எவனாவது அவ்வளவு லேசாகக் கூடு கட்டிக் காட்டட்டும், நான் பட்டறையை மூடிவிடுகிறேன்.

அப்புறம் நடந்ததைக் கேள். லாரி எடை போடுகிற மேடையில் வண்டியை ஏற்றினோம். எங்கள் பந்தயப் பிரிவில் இவ்வளவு கிலோவுக்குக் கீழே வண்டி இருக்கக் கூடாது என்று விதி. ஏற்றிவிட்டுப் பார்த்தால் அதைவிடப் பதினான்கு கிலோ குறைவு! பொறி தலையில் கையை வைத்துக்கொண்டான். "ஓவரா பட்டினி போட்டுட்டோம்ணே. இப்ப சோறு ஊட்டணும்" என்றான். எடை மேடைக்காரர், "ஏன்யா, எல்லாரும் எடை கூடிப்போச்சுன்னு இங்க நின்னு அழுவாங்க. நீங்க குறைஞ்சுபோச்சுன்னு அழறீங்களே" என்று சிரித்தார். எனக்கு அழுகை இல்லை. உள்ளுக்குள் துள்ளல். குறைகிற எடையை எங்கே வைப்பது என்பது நம் இஷ்டம். பதினான்கு கிலோ ஈயக்கட்டியைத் தரையில், பக்கத்து இருக்கை இருந்த இடத்தில், எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ வைத்து போல்ட் போட்டுவிட்டேன். இனி வளைவில் அது பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போகும்.

இன்னும் என்ன கேட்கவேண்டுமோ கேள். பரீட்சைக்குத் தயாராகவே இருக்கிறேன்.

தம்பி

*

மார்ச் 3

தம்பி,

நாற்பது மில்லிமீட்டர் விட்டம், இரண்டரை மில்லி சுவர் என்றால் அந்த எஃகுக் குழாய் மீட்டருக்கு இரண்டு கிலோ முந்நூறு கிராம் இருக்கும். இதற்குப் பேராசிரியை வேண்டாம், குழாய்க் கடைக்காரரே சொல்வார். இருபத்து நாலு மீட்டருக்கு ஐம்பத்தைந்து கிலோ. நீ நாற்பத்தொன்று என்று ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருக்கிறாய்.

உன் வண்டியில் குறைந்த பதினான்கு கிலோ இதுதான். வெங்காயத் தராசில் குறைத்ததல்ல. தலைக்கு மேலே இருந்து குறைத்தது.

வெளியே பார்க்க ஒரே விட்டம். ஆனால் கிட்டத்தட்ட பாதி நல்ல குழாய் இல்லை. அந்த விட்டத்தில் அவ்வளவு மெல்லிய சுவரோடு கிடைப்பது நாற்காலிக்கும் மேஜைக்கும் கால் செய்கிற குழாய். பெயின்ட் அடித்தால் எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். கூரை ஓரத்தில் இரண்டு, குறுக்கே ஒன்று, முன்னால் இறங்குகிற இரண்டு. எங்கே போட்டிருக்கிறாய் என்று நான் ஊகிக்கத் தேவையில்லை. ஈயத்தை எங்கே வைத்தாய் என்று நீயே எழுதிவிட்டாய். மேலே எடுத்துக் கீழே வைத்திருக்கிறாய்.

இங்கே ஆய்வுக்கூடத்தில் என் வேலையே குழாய்களை நசுக்கிப் பார்ப்பது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். கனமான குழாய் பாரம் ஏற ஏற முனகிக்கொண்டே வளையும். வளைந்தாலும் தாங்கும். மெல்லியது அப்படி இல்லை. கொஞ்ச நேரம் நேராக நிற்கும், ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும். பிறகு ஓரிடத்தில் உள்ளே குழிந்து, உறிஞ்சு குழல் மாதிரி மடியும். மடிந்தபிறகு அது குழாய் இல்லை, தகடு. அதற்குக் கீழே உன் தலையை வைத்து இந்தக் காட்சியை இன்று முழுக்கப் பார்த்தேன். வேலையில் கவனம் இல்லை. இரண்டு சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

காரைப் பற்றி இனி ஒன்றும் கேட்கமாட்டேன். கதவு வேண்டாம், இருக்கை வேண்டாம். அந்தக் குழாய்களை அறு.

அக்கா

*

மார்ச் 13

அக்கா,

அறுக்கமாட்டேன்.

ஆமாம், மெல்லிய குழாய்தான். போதுமா? எல்லாவற்றிலும் இல்லை, பெரிய வளையமும் அதன் தாங்குகளும் இரண்டரை மில்லி. பந்தய அமைப்பாளர்களின் பரிசோதகர் வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின் வளையத்தில் பொட்டுத் துளை போட்டு அளந்தார். "சுத்தமா செஞ்சிருக்கீங்க, என் சர்வீஸ்ல இப்படி வெல்டிங் பாத்ததில்ல" என்று சொல்லி முத்திரை ஒட்டிவிட்டுப் போனார். எங்கே துளை போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? அங்கே கனமாகத்தான் வைத்திருக்கிறேன். கூரை மேல் ஒவ்வொரு கிலோவும் வளைவில் வண்டியை வெளியே தள்ளும். அதை எடுத்துத் தரையில் போடுவது புத்திசாலித்தனம். கவிழ்ந்தால்தானே கூரை. நான் கவிழமாட்டேன். இருபது வருடத்தில் ஒரு வண்டியில் ஒரு கீறல் போட்டதில்லை நான்.

சம்மதத் தாளில் உன் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்துவிட்டேன். முறைக்காதே. எட்டாம் வகுப்பில் என் மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தது யார்? உன்னிடம் கற்றதுதான்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்தேன். எழுதுகிறேன். நீ எப்போதும் இப்படித்தான். நான் மிதிவண்டி கற்றபோது நீ பின்னால் பிடிக்கவில்லை, பக்கத்தில் நின்று சக்கரத்தின் ஆட்டத்தை எண்ணினாய். நான் பட்டறை திறந்த அன்று எல்லோரும் கைகுலுக்கினார்கள். நீ கூரையை அண்ணாந்து பார்த்து, "அந்த உத்தரம் போதாதே" என்றாய். அத்தானை ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணி போட்டு மூடுகிறார்கள். நான் சுவரில் சாய்ந்து அழுகிறேன். நீ அவருடைய மருந்துச் சீட்டை எடுத்து, கொடுத்த அளவெல்லாம் சரியா என்று கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அன்றைக்கு நினைத்தேன், இவள் மனுஷியா, கால்குலேட்டரா என்று. இன்றைக்கும் அதேதான் நினைக்கிறேன். என் வாழ்க்கையில் ஒரு தடவை எனக்குச் சிரிப்பு வருகிற காரியம் ஒன்று செய்கிறேன். அதையும் கூட்டிப் பார்த்துத் தப்பு என்று சுழிக்கிறாய்.

சுழித்துக்கொள். பந்தயம் நடக்கும்.

தம்பி

*

மார்ச் 21

தம்பி,

ஆமாம், கூட்டிப் பார்த்தேன். எல்லா அளவும் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் அவர் போய்விட்டார். தப்பு ஒன்று இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தப்பான கணக்கு என்றால் எங்கேயாவது திருத்தியிருக்கலாம். உன் கூட்டில் இருப்பது தப்பான கணக்கு. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு உள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது, இதைத் திருத்தலாம் என்று. நீ அறுக்கமாட்டேன் என்று எழுதியதும் அது போய்விட்டது. இப்போது கோபம் மட்டும்தான் இருக்கிறது.

அன்று நான் அழாததற்கு நீ விளக்கம் கேட்கவில்லை, தீர்ப்புதான் எழுதியிருக்கிறாய். அதற்கு மேல்முறையீடு செய்ய எனக்கு விருப்பமில்லை.

பந்தய அமைப்பாளர்களுக்கு ஒரு வரி எழுதினால் உன் வண்டி வாசலைத் தாண்டாது. எழுதினேன். உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு கிழித்தேன். இரக்கம் என்று நினைத்துவிடாதே. நான் நிறுத்தினால் நீ அடுத்த வருடம் வேறு வண்டியில் இதையே செய்வாய். அப்போது எடையும் நீளமும் எழுதி எனக்கு அனுப்பமாட்டாய்.

உங்கள் விதிப் புத்தகத்தை வரவழைத்துப் படித்தேன். பந்தயத்துக்கு முந்தின நாள் பயிற்சி ஓட்டத்தில், பக்கத்தில் ஒருவர் உட்காரலாம். தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் இருந்தால் போதும். நான் உட்காரப் போகிறேன். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், பயணச்சீட்டும் எடுத்தாயிற்று. ஈயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் இருக்கையைப் போடு. நான் அதைவிடக் கனம். வண்டி இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டு போகும். கீழே வைக்கப் பாரம்தானே வேண்டும் உனக்கு?

கவிழமாட்டாய் என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன் என்று வைத்துக்கொள். எனக்குக் குழாய் எதையும் மாற்ற வேண்டாம். உனக்குப் போதும் என்பது எனக்கும் போதும். பந்தயத்தில் எப்படி ஓட்டுவாயோ அப்படியே ஓட்டு. எனக்காக ஒரு வளைவிலும் வேகத்தைக் குறைக்கக் கூடாது. குறைத்தால் எனக்குத் தெரியும்.

என் காரில் நான் உட்கார யாருடைய சம்மதமும் வேண்டாம் என்று நினைக்கிறேன். வேண்டும் என்றால் என் கையெழுத்தைத்தான் உனக்குப் போடத் தெரியுமே.

அக்கா

*

மார்ச் 31

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். மிரட்டுகிறாய் என்று புரியாதா? "வரட்டும், பாத்துக்கலாம்" என்று பொறியிடம் சொன்னேன். ஈயத்தைக் கழற்றி எறிந்தேன். பழைய பந்தய இருக்கை ஒன்று வாங்கி வந்து அந்த இடத்திலேயே மாட்டினேன். அவ்வளவு வீறாப்பு எனக்கு.

பட்டையின் நீளம் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. பொறி கிட்டத்தட்ட உன் உயரம். அவனை உட்காரவைத்து இறுக்கிக் கட்டினேன். தலைக்கவசத்தையும் போட்டான். அதன் உச்சிக்கும் கூரைக் குழாய்க்கும் நடுவில் என் கை நுழைகிற இடம்தான் இருந்தது. நான் சும்மா, கையில் இருந்த ஸ்பேனரால் பின் வளையத்தில் தட்டினேன். டொக் என்றது. கூரைக் குழாயில் தட்டினேன். டிங் என்று தம்ளர் மாதிரி சத்தம். பொறி அண்ணாந்து பார்த்தான்.

"தாங்குமாடா?" என்றேன்.

"உங்களுக்குன்னா தாங்கும்ணே" என்றான். "அக்காவுக்குன்னா தெரியல."

அவனைத் திட்டிய திட்டில் பட்டையைக் கழற்றக்கூட விடவில்லை; அப்புறம் அவனே கழற்றிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான். நான் தனியாக அந்த இருக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் உன்னை உட்காரவைத்துப் பார்த்தேன், உன் மூக்குக்கண்ணாடி, உன் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்காருகிற விதம். வளைவில் வேகத்தைக் குறைத்தால் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். குறைக்காமல் உன்னை வைத்துக்கொண்டு குன்றுப் பக்க வளைவில் எப்படித் திருப்புவது? மனதுக்குள்ளேயே என்னால் திருப்ப முடியவில்லை. கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது.

கிரைண்டரை எடுத்தேன்.

சத்தம் கேட்டு என் மனைவி ஓடிவந்தாள். "எதுக்கு இப்ப அறுக்கறீங்க? நல்லாத்தானே இருந்துச்சு?"

"அக்கா இதுல உக்காரப்போறாளாம்."

"அண்ணி உக்காந்தா?"

"தாங்காது."

அவள் என்னைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். "அப்ப இத்தனை நாள் நீங்க உக்காந்து ஓட்டிப் பாத்தீங்களே. என்கிட்ட 'ஒண்ணும் ஆகாது, கோட்டை மாதிரி இருக்கு'ன்னு சொன்னீங்களே. அது என்ன?"

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு, "சாப்பாடு வச்சிருக்கு" என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். இதுவும் உன் உபயம்தான்.

ஐந்தையும் அறுத்துவிட்டேன். ஒரு துண்டை வைஸ் இடுக்கியில் வைத்து ஒரு கையால் திருகிப் பார்த்தேன். நீ எழுதியது போலத்தான் ஆயிற்று. அதைப் பற்றி மேலே எழுத எனக்கு இஷ்டமில்லை. கனமான குழாய் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது வந்து, வளைத்து, பொறி ஒட்டி, பெயின்ட் காய்வதற்குள் இந்தப் பந்தயம் முடிந்துபோயிருக்கும். எடை மொத்தம் அதேதான் வரும், ஆனால் மேலே ஏறிவிடும். அடுத்த பந்தயத்தில் ஓட்டினாலும் வளைவில் வண்டி சாயும். முதல் ஐந்து பேருக்குள்கூட வராது. நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு அங்கே கெட்டிலைப் போட்டுக் கொண்டாடாதே. எனக்கு உன் மேல் இருக்கிற கோபத்துக்கு இந்தக் காகிதம் போதாது.

மருந்துச் சீட்டு பற்றி எழுதியதை எழுதியிருக்கக் கூடாது.

ஒன்று மட்டும் சொல். நான் குழாயை அறுத்திருக்காவிட்டால், பிடிவாதமாக அப்படியே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால், அது என்ன குழாய் என்று உன்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது, தெரிந்தே நீ அதில் உட்கார்ந்திருப்பாயா? மிரட்டத்தான் எழுதினேன் என்று சொல். கடைசி நிமிஷத்தில் இறங்கியிருப்பேன் என்று சொல். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, எழுது.

தம்பி

*

ஏப்ரல் 9

தம்பி,

உட்கார்ந்திருப்பேன். பயந்துகொண்டு, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வழி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டு, உட்கார்ந்திருப்பேன்.

என்னிடம் பொய் கேட்காதே.

அக்கா